ஹாரிபின் பையில் இருந்த கல்

ஹுவைல் ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. குழிக்காரர் ஹாரிப் போன ஹஜ்ஜுப் பெருநாளில் தன் ஓலைப் பைக்குள் கறிக்குப் பதிலாகக் கல்லை வைத்துக் குழியில் இறக்கினாராம். பை மேலே வந்ததும் கூசாமல் போய் அடுத்தவன் ஆட்டைத் தின்றாராம். முடிதிருத்தும் கடையில் கேட்டால் கல் ரெண்டு என்பார்கள். மீன் வண்டிக்காரரிடம் கேட்டால் கல் நாலாகும், ஆடு ஒட்டகமாகும். பள்ளிவாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் கேட்டால், அவர் வருஷா வருஷம் இதைத்தான் செய்கிறார் என்று சத்தியம் செய்யவும் ஆள் உண்டு.

விசாரித்துப் பார்த்ததில், பையில் கல் இருந்தது உண்மை. ஆட்டைத் தின்றதும் உண்மை. கல் யாருடையது, ஆடு யாருடையது என்பதில்தான் ஊர் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

ஹாரிப் பின் ஷாமிஸுக்குப் புருவம் கிடையாது. பிறக்கும்போது இருந்தது, பிறகு குழியின் அனல் பிடுங்கிக்கொண்டது. இளமையில் மஸ்கட்டில் ஒரு காவல் முகாமின் சமையற்கட்டில் வெங்காயம் உரித்தார். தகப்பனார் இறந்ததும் ஊருக்குத் திரும்பித் தண்ணீர் லாரி ஓட்ட ஆரம்பித்தார். வருஷம் முழுக்க லாரிக்காரர்; பெருநாள் மூன்று நாளும் மந்திரி. அப்போது அவர் சொன்னால் ஊர் நிற்கும், அவர் சொன்னால் ஊர் ஓடும். காரணம், கறியைத் தணலில் புதைத்து வேகவைக்கிற ஷுவாக் குழி அவருடையது.

பேரீச்சந்தோப்புக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழமான குழி அது. உள்சுவரில் களிமண் பூச்சு, அடியில் கல் பரப்பு. விறகு எரிந்து தணலானதும் ஒவ்வொரு வீட்டுக் கறியும், மசாலா தடவி வாழை இலை சுற்றி ஓலைப் பையில் கட்டியபடி, சரசரவென்று உள்ளே விழும். மேலே இரும்புத் தகடு, ஈரச் சாக்கு, சேறு. மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. ஊசி நுழைகிற அளவு காற்று உள்ளே போனாலும் கறி கரியாகிவிடும்.

துணி எரிந்துபோகும் என்பதால் வீட்டுக்கு வீடு இரும்பிலோ பித்தளையிலோ ஓர் அடையாளம் பையின் கழுத்தில் கம்பியால் கட்டியிருக்கும். ஹாரிப் வீட்டுக்குப் பழைய வாசல் சாவி. அவருடைய சித்தப்பா மகன் ஸஹ்ரான் வீட்டுக்குக் கார் நம்பர் பலகையில் வெட்டிய துண்டு. முஹன்னா வீட்டுக்குக் காவா என்கிற அரபுக் காப்பிப் பாத்திரத்து மூடியில் உட்கார்ந்திருந்த பித்தளைப் பறவை. யார் பையில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் குழியின் மரியாதையே அதுதான்.

அந்த மரியாதைக்குத்தான் ஸஹ்ரான் வேட்டு வைத்தான். தன் புது வீட்டுக்குப் பின்னால் சிமெண்டில் ஒரு குழி கட்டி, அதற்குச் சக்கரம் வைத்த மூடியும் போட்டிருந்தான். மூடி திறக்கும், மூடும், எல்லாம் செய்யும்; அதில் கறி போடத்தான் ஆள் இல்லை. அதன் பிறகு ஊருக்குள் ஹாரிபின் குழியில் கறி குறைகிறது என்ற பேச்சு கிளம்பியது.

பெருநாளுக்குச் சில நாள் முன்னால் சபைக்கூடத்தில், எல்லார் கையிலும் காவாக் கோப்பை இருக்கும்போது ஸஹ்ரான் வாயைத் திறந்தான்.

"பெரியப்பா மவனே, தப்பா எடுத்துக்காத. ரெண்டு தொடை உள்ள போவுது, ஒண்ணரைத் தொடை வெளிய வருதுன்னு ஊரு பேசுது."

"வெந்தா சுருங்கும்டா. நீ வெந்தாலும் சுருங்குவ."

கூடம் சிரித்தது. ஸஹ்ரான் சிரிக்கவில்லை.

"அப்ப ஒரு பேச்சு. இந்தப் பெருநாள்ல ஒரு வீட்டுப் பை, ஒரே ஒரு பை கெட்டாலும், குறைஞ்சாலும், உன் குழியில மண்ணு போட்டுருவோம். அடுத்த பெருநாளுக்கு எல்லாரும் எங்கிட்ட. சம்மதமா?"

ஹாரிப் சபையைப் பார்த்தார். தன் கையால் கறி தின்ற இத்தனை பேரில் ஒருவனாவது 'சும்மா இரு ஸஹ்ரான்' என்பான் என்று காத்திருந்தார். எல்லாரும் காவாவை அன்றுதான் முதன்முதலில் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்மதம்" என்றார் ஹாரிப். கோபத்தில் சொன்ன சொல். வீட்டுக்குப் போய் மனைவி ரய்யாவிடம் சொன்னபோது அவள் மசாலாவுக்காக உலர்ந்த எலுமிச்சையைக் கருக வறுத்துக்கொண்டிருந்தாள்.

"நாக்க அடக்கத் தெரியாதவருக்குக் குழிய அடைக்க மட்டும் எப்படித்தான் தெரியுதோ!" என்றாள்.

இரண்டாம் பெருநாளன்று மாலை பைகள் வந்து சேர்ந்தன. ஹாரிப் ஒவ்வொன்றையும் வாங்கித் தோப்பு நிழலில் அடுக்கினார். முஹன்னா தன் பையைத் தானே தோளில் தூக்கி வந்தான். அப்படி அவன் செய்ததே இல்லை. சலாம் சொன்னான், கண்ணைப் பார்க்காமல் இறக்கி வைத்தான், அவசரமாகப் போனான்.

முஹன்னாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் ஓர் உணவுக்கடை வைத்திருந்தான். பாய் விரித்து, சஹன் என்கிற பெருந்தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். சோறு அருமை, கறி அருமை, வியாபாரம்தான் வாய்க்கவில்லை. முதல் தடவை வருகிறவனை விருந்தாளி என்பான். விருந்தாளியிடம் காசு வாங்கலாமா? இரண்டாம் தடவை வந்தால் சிநேகிதனாகிவிடுவான், சிநேகிதனிடம் வாங்கலாமா? மூன்றாம் தடவை வந்தவன் காசை நீட்டினால் முஹன்னாவுக்குக் கோபம் வரும். ஹாரிப் தண்ணீர் லாரியோடு போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பிட்டார். காசை மேசையில் வைத்துவிட்டு ஓடிப் பார்த்திருக்கிறார். முஹன்னா லாரியைத் துரத்தி வந்து ஜன்னல் வழியாகத் திருப்பி எறிந்தான். இப்படியே கடை மூடியது. கடையைத் தின்றே தீர்த்த ஊர், அவனுக்குக் கணக்கு வராது என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது.

இப்போது அவன் மகளைப் பெண் கேட்டு இப்ரி ஊரிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். மூன்றாம் பெருநாள் மதியம் ஷுவா சாப்பிட்டுவிட்டு, நாள் குறிப்பதாகப் பேச்சு.

தோப்பில் மஃரிப் பாங்கு கேட்டது. எல்லாரும் தொழப் போனார்கள். பைகளை நாய் இழுக்காமல் இருக்க ஹாரிப் பின்தங்கினார். முஹன்னாவின் பையை வரிசைக்கு நகர்த்தத் தூக்கியபோது அவர் கை அப்படியே நின்றது.

கறிப் பையைத் தூக்கினால் அது தூங்குகிற குழந்தைபோலக் கையில் சரியும். இது சரியவில்லை. விறைப்பாக நின்றது. ஓலை இடுக்கில் விரலை விட்டார். மட்டைக் கட்டை. இன்னும் உள்ளே விட்டார். சில்லென்று கல். விரலை எடுத்து முகர்ந்தார். சீரகம், கொத்தமல்லி, பூண்டு, காடி எல்லாம் கச்சிதம். முஹன்னாவின் மனைவி ஷன்னூனா கல்லுக்கும் குறைவில்லாமல் மசாலா தடவியிருந்தாள்.

ஹாரிப் உட்கார்ந்துவிட்டார்.

முஹன்னா என்ன நினைத்திருப்பான் என்று புரிய நேரமாகவில்லை. பை இருக்கிற மூலையில் காற்றுப் புகுந்தால் ஓலையும் மட்டையும் சாம்பலாகும். சாம்பலுக்குள் கிடக்கிற கல் குழியின் கல்லாகிவிடும். 'என் ஆட்டைக் கரியாக்கிட்டியே' என்று சம்பந்திகள் முன்னால் கத்தலாம். ஏழை என்று பெயர் வாங்குவதைவிட ஏமாந்தவன் என்று வாங்கினால் கல்யாணம் நிற்காது. காற்றுப் புகாவிட்டாலும், 'நான் போட்டது ஆடு, வந்தது கல்' என்று கத்தலாம். கூடவே கத்த ஸஹ்ரான் இருக்கிறான்.

பையைத் திருப்பிக் கொடுத்தால் முஹன்னா தொலைந்தான். வாயை மூடிக்கொண்டு இறக்கினால் குழி தொலைந்தது. ஊரில் சொன்னால் ஆளுக்கொரு துண்டு கறி கொடுத்து நிரப்பிவிடுவார்கள். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அதைச் சொல்லியும் காட்டுவார்கள்.

பள்ளிவாசலில் தொழுகை முடியப்போகிற சத்தம். ஹாரிப் எழுந்தார். தன் வீட்டுப் பையைத் தேடினார். ரய்யா வளர்த்த ஆடு. அதற்கு அவள் பெயர்கூட வைத்திருந்தாள். சாவி கட்டிய கம்பியைப் பிரித்தார். பறவை கட்டிய கம்பி பிரிய மறுத்தது, பல்லால் கடித்தார். தோப்பு வரப்பில் பேச்சுக் குரல் கேட்டபோது பறவை ஆட்டின் மேல் இருந்தது, சாவி கல்லின் மேல் இருந்தது, ஹாரிபின் உதட்டில் ரத்தம் இருந்தது.

"என்ன பெரியப்பா மவனே, பச்சையாவே கடிச்சுப் பாத்தியா?" என்றான் ஸஹ்ரான்.

இதைப் பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் ஹாரிபுக்கே சிரிப்பு வரும். குழியைக் காப்பாற்ற அவருக்கு வேறு வழி தோன்றவில்லை. தன் பை கெட்டால் கேட்க ஆளில்லை என்று நினைத்தார். அப்படி நினைத்ததுதான் பிசகு.

பைகள் விழுந்தன, தகடு மூடியது, மேலே சேறு ஏறியது. மறுநாள் காலை ஹாரிப் குழியைச் சுற்றி வந்தபோது வடக்கு மூலையில் முஹன்னா குந்தியிருந்தான். கையில் காய்ந்த பேரீச்சங்குச்சி. முன்னால் சேற்றில் ஒரு சின்னப் பள்ளம்.

"புகை வர்ற மாதிரி இருந்துச்சு ஹாரிபு. அதான் பாத்தேன்."

"வருதா?"

"இன்னும் இல்ல."

ஹாரிப் பக்கத்தில் குந்தினார். குச்சி இன்னும் ஒரு விரல் இறங்கினால் தகட்டின் விளிம்பு. அதற்குப் பிறகு ஊர் முழுக்கக் கரிதான். குச்சியைப் பிடுங்கலாம். பிடுங்கினால் ஏன் என்று பேச வேண்டிவரும்.

"ஓட்டை விழுந்தா ஒரு வீட்டுப் பை மட்டும் எரியாது முஹன்னா. எல்லார் வீட்டுப் பிள்ளையும் இன்னைக்கு வெறுஞ்சோறுதான்."

முஹன்னாவின் முகத்தில் வேர்வை. குச்சி நகரவில்லை, மேலேயும் வரவில்லை.

"எம் பை இந்த மூலையிலதான இருக்கு?" என்றான்.

"இந்த மூலைதான். நானே இறக்குனேன். உன் பறவை பத்திரமா வரும்."

முஹன்னா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தான். ஹாரிபின் புருவமில்லாத முகத்தில் எதையும் படிக்க முடியாது. சீட்டாட்டத்தில் அவரிடம் தோற்ற எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து முஹன்னா குச்சியைக் கீழே போட்டான். ஹாரிப் ஈரச் சேற்றை அள்ளிப் பள்ளத்தை அடைத்தார்.

குழியைத் திறக்கும்போது ஊரே நின்றது. இப்ரிக்காரர்களும் வந்திருந்தார்கள். சம்பந்தி வெள்ளைத் தாடிக்காரர், கைத்தடியை ஊன்றி முன்வரிசையிலேயே நின்றார். தகடு புரண்டதும் வாசனை எழுந்து எல்லார் வயிற்றிலும் கை வைத்தது. ஹாரிப் கொக்கியை விட்டு ஒவ்வொன்றாய்த் தூக்கினார். நம்பர் பலகைத் துண்டு வந்தது. ஸஹ்ரான் தன் பையை அங்கேயே கையில் ஏந்தி எடை பார்த்தான், குறை சொல்ல எதுவும் கிடைக்காமல் முகம் சுருங்கினான். அடுத்து வந்தது பித்தளைப் பறவை.

முஹன்னா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பை அவன் காலடியில் தொப்பென்று விழுந்து சரிந்தது. ஓலை வழியே கொழுப்பு கசிந்தது. அவன் குனிந்து தொட்டான். கை சுட்டது, எடுக்கவில்லை. சம்பந்தி மூக்கை உறிஞ்சி, "மாஷா அல்லாஹ்" என்றார். முஹன்னா தலையை நிமிர்த்தி ஹாரிபைப் பார்த்தான். பிறகு பேயைப் பார்த்தவன்போல வேறு பக்கம் திரும்பினான்.

கடைசியாகச் சாவி கட்டிய பை வந்தது. கொழுப்பு இல்லை, கசிவு இல்லை, தரையில் விழுந்ததும் அது சரியவும் இல்லை. ஹாரிப் அதைச் சட்டென்று தூக்கப் போனார். ஸஹ்ரான் அதற்குள் கம்பை நீட்டி ஒரு தட்டுத் தட்டினான்.

டொக்.

அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"பெரியப்பா மவனே, உன் ஆடு என்ன, எலும்பு மட்டுந்தான் மேஞ்சுதா? பிரி பாப்போம்."

ஹாரிப் பையின் மேல் காலை வைத்தார். "எம் வீட்டுப் பை. எம் வீட்டுல பிரிப்பேன்."

"ஒரே ஒரு பை கெட்டாலும்னு பேச்சு. சம்மதம்னு சொன்ன வாய் இதுதான? இங்கயே பிரி."

"சொன்னது ஊராரு பைக்கு. எம் பைக்கு நான் யாருக்கு ஜவாப் சொல்லணும்?"

"கல்ல உள்ள விட்டுட்டு ஊரான் கறியில பங்கு எடுக்கிறவன் ஜவாப் சொல்லணும்!"

வட்டம் நெருங்கியது. ஸஹ்ரான் இடுப்புக் கத்தியை உருவி ஓலையை நோக்கிக் குனிந்தான். பிரித்தால் கல்லும் மட்டையும் வெளியே வரும். பேசாமல் இருந்தால் ஹாரிப் திருடன். பேசினால் இப்ரிக்காரர்கள் வண்டியைக் கிளப்புவார்கள். வட்டத்துக்கு அந்தப் பக்கம் முஹன்னாவின் உதடு அசைந்ததை ஹாரிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. கத்தி முதல் ஓலையை அறுத்தது.

"நிறுத்து!"

முஹன்னா பாய்ந்து வந்து ஸஹ்ரானின் கையைப் பிடித்தான்.

"என் விருந்தாளிங்க முன்னால பெருநாளும் அதுவுமா கத்தியா? எந்தப் பையும் இங்க பிரிக்கப்படாது. இங்க நிக்கிற அத்தனை பேரும் இப்பவே எம் வீட்டுல சாப்புடறீங்க. ஹாரிபு முன்வரிசையில உக்கார்றாரு. இல்லன்னா ஷன்னூனா எனக்குத் தலாக்!"

கூட்டம் ஸ்தம்பித்தது. ஷன்னூனா இதுவரை எத்தனையோ விருந்துக்காக இப்படித் தராசில் ஏறி இறங்கியவள். விருந்தாளி ஒரு கவளம் குறைவாகச் சாப்பிட்டால்கூட அவளுடைய மண வாழ்க்கை ஆட்டம் காணும். ஆனாலும் ஆணை ஆணைதான். சோற்றுக்கு வர மறுத்து ஒரு குடும்பத்தைக் கலைத்த பழியைப் பெருநாளன்று யார் ஏற்பார்? முதலில் சம்பந்தி நகர்ந்தார். ஸஹ்ரான் கத்தியை உறையில் போட்டான். போடும்போதும் பையையே பார்த்தான்.

ஹாரிப் பையைத் தோளில் போட்டுத் தன் வீட்டுத் திண்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டு விருந்துக்குப் போனார். உணவுக்கடையில் மிஞ்சிய அரிசி மூட்டை முஹன்னா வீட்டில் இருந்தது. சோற்று மலையின் மேல் ரய்யாவின் ஆடு வந்து உட்கார்ந்தது. முஹன்னா தன் கையால் தோள் கறியைப் பிய்த்து ஹாரிபின் முன்னால் வைத்தான்.

"சாப்புடு ஹாரிபு. கூச்சப்படாத. உன் வீடு மாதிரி நெனச்சுக்க."

ஹாரிப் ஒரு கவளம் எடுத்தார். கருக வறுத்த எலுமிச்சையின் புளிப்பு நாக்கில் ஏறியது. ஊரில் அந்தக் கைப்பக்குவம் ஒரே வீட்டில்தான் உண்டு.

"எப்படி இருக்கு?" என்று சம்பந்தி கேட்டார். கூடம் முழுக்க அவர் பதிலுக்குக் காத்திருந்தது. ஸஹ்ரான் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினான்.

"நல்லா இருக்கு. நல்லா வளத்த ஆடு" என்றார் ஹாரிப்.

அடுத்த அறையில், பெண்கள் சஹனில், ரய்யாவும் ஒரு கவளம் எடுத்திருந்தாள். எதிரே ஷன்னூனா கரண்டியைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்திருந்தாள். ரய்யா மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள்.

"காரம் கொஞ்சம் கம்மி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் திண்டுக்குப் பின்னால் கையை விட்டுப் பையை இழுத்துப் பிரித்தாள். கருகாத மட்டை நாலைந்து, கல் ரெண்டு. முடிதிருத்தும் கடை சொன்னதுதான் சரியான கணக்கு.

"எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? ஒரு தொடையாவது தனியா எடுத்து வெச்சிருப்பேன்."

"சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் கல்லை உருட்டிப் பார்த்தாள். "ஆனாலும் கேவலமா மசாலா தடவியிருக்கா. கல்லுக்குக்கூட இவ்வளவு காடியா?"

கல்யாணம் நடந்தது. ஹாரிபின் குழியிலும் மண் விழவில்லை. ஊரார் பை ஒன்றுகூடக் கெடாததால் ஸஹ்ரான் பேச்சை முடிக்க முடியவில்லை. ஆனால் அந்த 'டொக்' மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. நோன்புப் பெருநாளில் பை கொண்டுவந்தவர்கள் குழிக்கரையிலேயே பாய் விரித்துக் காவல் படுத்தார்கள். ஹாரிப் அவர்களுக்குத் தலையணை கொடுத்தார்.

முஹன்னாவும் சும்மா இருக்கவில்லை. ஒருமுறை பேரீச்சம்பழம் ஒரு தட்டு வந்தது, ஒருமுறை அல்வா வந்தது. ரய்யா வாங்கிக்கொண்டு, "இது ஆட்டு வாலுக்குக் காணும்" என்றாள். ஆட்டை ஆடாகத் திருப்பிக் கொடுக்க முஹன்னாவால் முடியாது. கொடுத்தால் ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டு வாங்க ஹாரிபாலும் முடியாது. அந்த நெடுஞ்சாலைக் கடையில் தின்ற சோறெல்லாம் தொண்டையில் எழுந்து நிற்கும்.

போன வெள்ளிக்கிழமை முஹன்னா வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். முஹன்னா நின்றபடி காவா ஊற்றிக்கொண்டு வந்தான். பாத்திர மூடியில் பித்தளைப் பறவை மறுபடி ஏறியிருந்தது, கொஞ்சம் கோணலாக.

"ஹாரிபு" என்றான் ஸஹ்ரான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "முஹன்னா வீட்டுல முன்வரிசையில உக்காந்து தோள் கறி தின்ன. பதில் விருந்து எப்ப? கடன் வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கலாமா?"

கூடம் சிரித்தது. கௌரவமாகத் தாடியைத் தடவிக்கொண்டு, "அதானே" என்றார் ஒருவர்.

முஹன்னாவின் கையில் பாத்திரம் நின்றது. ஹாரிப் காலிக் கோப்பையை நீட்டினார். முஹன்னா ஊற்றினான். ஹாரிப் குடித்தார். போதும் என்பதற்குக் கோப்பையை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டும்வரை ஊற்றுகிறவன் நகரக்கூடாது. ஹாரிப் ஆட்டவில்லை; கடன்காரனை நகர விடவில்லை. மறுபடி நீட்டினார். முஹன்னா மறுபடி ஊற்றினான். மற்றவர்கள் காலிக் கோப்பையோடு காத்திருந்தார்கள்.

"என்னய்யா, பதிலே காணோம்?" என்றான் ஸஹ்ரான்.

ஹாரிப் மூன்றாவது கோப்பையையும் குடித்துவிட்டு, ஆட்டாமல், நீட்டினார்.